பாம்பைக் காப்பதும் நம்மைக் காப்பதும்

கொம்பேறி மூக்கன் கடித்தால், கடிபட்டவரின் சிதை எரிவதை மரத்தின்மீதிருந்து பார்த்த பிறகே அது இறங்கும் என்பது நம் ஊர்க்கதை. உண்மையில் அது நஞ்சற்ற பாம்பு; பல்லியும் தவளையுமே அதன் இரை. மண்ணுளிப் பாம்பின் மழுங்கிய வாலை இன்னொரு தலையாகக் கருதியதால் தமிழில் 'இருதலை மணியன்' என்றும் இந்தியில் 'தோமுஹா' என்றும் பெயர் வந்தது. அது செல்வம் தரும் என்ற நம்பிக்கையால் இன்றும் கடத்தப்படுகிறது. மொழியியல் பயின்றவன் என்ற முறையில், ஒரு பெயரும் அதைச் சூழ்ந்த கதையும் ஓர் உயிரினத்தை எவ்வளவு துன்புறுத்த இயலும் என்பது எனக்கு வியப்பளிக்கிறது.

ஆயினும் அச்சம் முழுவதும் கற்பனையன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தோரில் பெரும்பாலோர் கிராமத்தினர். ஏறக்குறைய பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நிகழ்ந்தவை. வயலில் நிற்பவரிடம், நகரத்து மாடிவீட்டிலிருந்து "பாம்பை நேசியுங்கள்" என்று உபதேசிப்பது அறமாகாது. மனித உயிரை முன்வைத்தே இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

நல்வாய்ப்பாக, மனிதரைக் காக்கும் பழக்கங்களே பாம்பையும் காக்கின்றன. தானியம் சிந்தாமல் இருந்தால் எலி குறையும். எலி குறைந்தால் அதைத் தேடிப் பாம்பு வீட்டுக்குள் வராது. விறகையும் செங்கல்லையும் சுவரோரம் குவிக்காதிருக்கலாம். இரவில் கைவிளக்குடன் நடக்கலாம். தரையில் உறங்குவோரையே கட்டுவிரியன் பெரிதும் கடிக்கிறது. கட்டிலும் நன்கு செருகிய கொசுவலையும் அதைத் தடுக்கும். பாம்பைக் கண்டால் தடியைத் தேடாமல் விலகி நின்று வனத்துறையை அழைக்கலாம். கேரள வனத்துறை இதற்கென 'சர்ப்பா' என்ற செயலியையே நடத்துகிறது. அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் பலர்.

பாம்பு தவிர்த்த ஊர்வனவற்றுக்கு நாம் செய்யத்தக்கது பெரும்பாலும் 'வாங்காதிருத்தல்'தான். 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில் அரிய வேர் என விற்கப்படுவது, உடும்பின் உலர்ந்த பிறப்புறுப்பு. நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். 2019இல் அதன் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டது. எலிக்கு வைக்கும் பசை அட்டையில் பல்லியும் சிறு பாம்பும் ஒட்டிச் சாகின்றன. தோட்டத்தில் கிழிந்து கிடக்கும் நைலான் வலையில் சாரை சிக்கி இறக்கிறது. இவ்விரண்டையும் இன்றே அகற்றலாம்.

அரசின் பங்கும் உண்டு. பாம்புக்கடி மரணங்களை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டம் 2024இல் வெளியிடப்பட்டது. நஞ்சுமுறி மருந்து செய்யப் பாம்பின் நஞ்சே வேண்டும். அதைத் திரட்டித் தருவதில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரிது. அம்மருந்து ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அதைச் செலுத்தப் பயிற்சி பெற்ற மருத்துவருடன் இருக்க வேண்டும். கடிபட்டாலும் பிழைப்போம் என்ற உறுதி பிறந்தால், பாம்பைக் கண்டவுடன் தடியை எடுக்கும் கை தயங்கும். உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் அம்மருந்து இருக்கிறதா என்று இம்மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.