பெற்றோருக்கு எதிரான இசைத்தட்டா?

ஹார்ட்கோர் பங்க் என்றதும் நம்மவரிற் பலர் முகஞ் சுளிப்பர். அது இசையன்று, வெறும் இரைச்சல் எனத் தீர்ப்பும் வழங்கிவிடுவர். அத்தகையோர் கலிபோர்னியாவின் ஹெர்மோசா பீச் நகரிற் தோன்றிய பிளாக் ஃப்ளாக் குழு 1981 இல் வெளியிட்ட 'டமேஜ்ட்' இசைத்தட்டை ஒரு தடவையேனும் முழுமையாகக் கேட்க வேண்டும் என்பேன். 15 பாடல்கள், ஏறத்தாழ 35 நிமிடங்கள்தான்.

இத்தட்டை விநியோகிக்கவிருந்த எம்.சி.ஏ. பெருநிறுவனம், பிரதிகள் அச்சாகிய பின்னர் கைவிரித்தது. இது பெற்றோருக்கு எதிரான இசைத்தட்டு என்று அதன் தலைவர் காரணம் கூறினார். குழுவினரோ அந்த வாசகத்தையே ஒட்டுத்தாளில் அச்சிட்டு, உறையிலிருந்த எம்.சி.ஏ. சின்னத்தின் மேல் ஒட்டி விற்றனர்! இடைநிலையிலிருந்த யூனிகோர்ன் நிறுவனத்தின் கடன் தொல்லையே மெய்யான காரணம் எனக் குழுவின் சொந்த நிறுவனமான எஸ்.எஸ்.ரி.யில் பணியாற்றியவர் பின்னாளில் எழுதியுள்ளார். நிறுவனங்கள் கணக்கு வழக்கை ஒழுக்கத்தின் பெயரால் மறைப்பது புதிதன்று. யூனிகோர்னுடனான வழக்கில் கிட்டார் கலைஞர் கிரெக் ஜின் சில நாள்கள் சிறையிலும் இருந்தார்.

ஆயினும் அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எங்கே? தேடிப் பாருங்கள். பெற்றோரைச் சாடும் பாடலென ஒன்றைச் சுட்டுவது கடினம். பொலிசாரைச் சாடும் பாடல் உண்டு. அதைவிடக் கடுமையாக இவர்கள் சாடுவது தம் வயதினரையே. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் வாய்பிளந்து கிடப்போரை ஒரு பாடலும், பியர் போத்தலே கதியென்றிருப்போரை இன்னொன்றும் எள்ளி நகையாடுகின்றன. பிள்ளைகள் இதனைக் கேட்பது குறித்துப் பெற்றோர் மகிழ்ந்திருக்கலாம்!

இரண்டாம் பக்கம் வேறுலகம். அங்கே கோபம் உள்நோக்கித் திரும்புகிறது. பாடகர் ஹென்றி ரொலின்ஸுக்கு அப்போது வயது 20. வாஷிங்டனில் ஐஸ்கிரீம் கடையொன்றை நடத்திக்கொண்டிருந்தவர், அவ்வாண்டுதான் குழுவிற் சேர்ந்திருந்தார். இறுதிப் பாடலில் அதுவரையிருந்த வேகம் முற்றாக அடங்க, ஜின்னின் கிட்டார் இழுத்து இழுத்து ஊர்கிறது. அதன்மேல் அவ்விளைஞர் கதறுகிறார். ஒலிப்பதிவு கலங்கலானது என்ற குறை உண்மையே. ஆனால், இந்தக் குரலைத் துலக்கிப் பதிந்திருந்தால் கேட்கத் தாங்குமா என்பது எனக்கு ஐயமே.