உபாத்தியாயர் கற்க வெட்கப்படுவதா?

உபாத்தியாயர் புதிதாய் ஒன்றைக் கற்பது மானக்கேடு என்று கருதுவோரை நாம் ஒன்று கேட்கிறோம்.

2007-இல் வானியலார் லட்சக்கணக்கான நட்சத்திர மண்டலங்களின் படங்களை இணையத்தில் வைத்து, வகை பிரித்துத் தரும்படி பொதுமக்களை அழைத்தார்கள். 'கேலக்ஸி ஜூ' என்பது அதன் பெயர். டச்சுப் பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்க்கல் அதைப் பழகினார். ஒரு படத்தில் விளங்காத ஒளித்திட்டைக் கண்டு, இது என்னவென்று கேட்டார். ஆராய்ந்ததில், அது ஒளிரும் மாபெரும் வாயுத்திரள் என்று தெரிந்தது. இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. கேட்டதால் அவருக்கு மானம் போயிற்றா?

நம் நாட்டிலோ ஆயுத பூஜையன்று கணினிக்குப் பொட்டிடத் தெரிகிறது. மறுநாள் அதைத் திறந்து, பிள்ளைகளோடு கூடி ஒரு படத்தை வகை பிரிக்கக் கூச்சமாயிருக்கிறது! தெரியாததைத் தெரியாதென்று ஒப்பிக் கேட்பதே விஞ்ஞானத்தின் முதற்பாடம். அதை விட்டு மனப்பாடம் செய்விப்பவர் உபாத்தியாயரா, புரோகிதரா?