சிவப்புப் பையில் போகிற பிளாட்டினம்

உங்க வீட்டு பீரோ மேல பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒண்ணாவது கிடக்கும். பழைய பேப்பர் வாங்க வருகிறவர் அதை மட்டும் தனியாக எடுத்து வைப்பார். ஏன்னா அதில் வெள்ளி இருக்கு. ஃபிலிம்ல கருப்பா தெரியுதே, அதுதான் வெள்ளி. ரொம்ப நுண்ணிய துகளாக இருப்பதால் கருப்பாகத் தெரிகிறது. இந்த விஷயம் கடைசி ஆள் வரை தெரிந்திருப்பதால்தான் அந்த வெள்ளி திரும்பி வருகிறது.

அதே ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போகிற இன்னொரு பொருளைப் பாருங்க. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு, தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய கதீட்டரை இதயத்துக்குள் செலுத்தி மின்துடிப்பைப் பதிவு செய்வார்கள். அதன் நுனியில் வரிசையாக இருக்கும் வளையங்கள் பெரும்பாலும் பிளாட்டினம்-இரிடியம் கலவை. ரத்தத்தில் அரிக்காது, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்.

குத்துமதிப்பா ஒரு கணக்கு போடுவோம். 7 பிரெஞ்ச் கதீட்டர் என்றால் விட்டம் சுமார் 2.3 மில்லிமீட்டர். வளையத்தின் அகலம் 1 மில்லிமீட்டர், தடிமன் 0.1 என்று வைத்துக்கொள்கிறேன். கன அளவு 0.7 கன மில்லிமீட்டர் வரும். பிளாட்டினம் தண்ணீரைவிட 21 மடங்கு அடர்த்தி, ஆக ஒரு வளையம் 15 மில்லிகிராம். பத்து வளையம் இருந்தால் 150. "இவ்ளோதானா?" என்று தோணும். ஆனால் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைப்பதே சில கிராம்தான். கதீட்டரின் எடையைத் தாராளமாக 50 கிராம் என்று வைத்தாலும், ஒரு டன் கதீட்டரில் 3 கிலோ பிளாட்டினம்!

வேலை முடிந்ததும் இது எங்கே போகும்? 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி சிவப்புப் பைக்கு. குளுக்கோஸ் டியூபும் யூரின் பையும் போகிற அதே பை. ஆட்டோகிளேவில் கிருமி நீக்கி, துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கு அனுப்பச் சொல்கிறது விதி. வெட்டிக் கலந்த பிறகு அந்த வளையங்களை எப்படித் தேடுவீங்க? காந்தத்தில் ஒட்டாது. பிளாஸ்டிக் உருக்குகிறவருக்கு அது மெஷினைக் கெடுக்கிற குப்பை.

உடலுக்குள் பொருத்துகிறவற்றின் கதை இன்னும் தமாஷ். 2022 மின்கழிவு விதிகளில் மருத்துவக் கருவிகள் உண்டு, ஆனால் உடலில் பொருத்தியவையும் தொற்று ஏறியவையும் விலக்கு. உலோக இம்ப்ளான்ட்கள் உயிரி மருத்துவக் கழிவில் நீலப் பெட்டிக்குப் போகின்றன, கண்ணாடிப் பாட்டில்களோடு சேர்ந்து.

இந்த விதிகள் தொற்றைத் தடுக்க எழுதப்பட்டவை. அதில் எனக்குச் சண்டை இல்லை. தொற்று போனபிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே பார்ப்பதில்லை, அதில்தான் சண்டை.

தீர்வுக்குப் பெரிய ஆலை எதுவும் வேண்டாம். வார்டில் நீடில் கட்டர் பார்த்திருப்பீங்க. ஊசியின் முனையை மட்டும் வெட்டி உள்ளேயே வைத்துக்கொள்ளும் சின்ன டப்பா. கதீட்டரிலும் பிளாட்டினம் முழுக்க நுனியில் சில சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது. அதை மட்டும் அதே மாதிரி வெட்டி, ஊசி குத்திக் கிழிக்காத ஒரு தனிப்பெட்டியில் போட்டு, ஆட்டோகிளேவ் செய்து, முறையான சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பலாம். பெட்டி கட்டாயம் தனியாக இருக்கணும். ஊசிகளோடு போட்டால் இரும்பு உருக்குகிற ஆலைக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

"ஏற்கெனவே நர்ஸ் அக்காக்களுக்கு மூச்சு விட நேரமில்ல, இது வேறயா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனால் இது ஒவ்வொரு வார்டுக்குமான வேலை இல்லை. இந்தக் கதீட்டர் பயன்படுவது இதய கேத் லேபில் மட்டும். ஆஸ்பத்திரிக்கு ஒன்றிரண்டு அறைகள்.

நாம செய்யலைன்னா வேற யாராவது செய்வாங்க. பிளாட்டினம் விலை தெரிந்த ஒருவர், கிருமி நீக்குவதற்கு முன்னாலேயே, வெறுங்கையோடு அந்தப் பையைத் திறப்பார். அப்புறம் அக்வா ரீஜியா, அதாங்க இராஜதிராவகம், ஒரு பிளாஸ்டிக் வாளியில். பிளாட்டினம் உப்புகள் மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்களிடம் நன்றாகப் பதிவான நோய் அது. முகமூடி இருக்கிற ஆலையிலேயே அப்படி என்றால், கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டுகிறவருக்கு?

அடுத்த வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எடுக்கப் போகும் ஜூனியர்களே, ஸ்மார்ட் டஸ்ட்பின்னை ஒரே ஒரு வருஷம் விட்டுடுங்க, ப்ளீஸ். மூடியைத் தானா திறக்கிற டப்பா டிபார்ட்மென்ட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கு. பயோமெடிக்கலில் ஒருத்தர், மெக்கானிக்கலில் ஒருத்தர் சேர்ந்தா இந்தக் கட்டரைச் செய்யலாம். நுனியை வளைப்பதற்காகச் சில கதீட்டர்களுக்குள் ஸ்டீல் கம்பி ஓடும். சாதாரண நீடில் கட்டர் பிளேடு அதைத் தாங்குமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.