தோட்டம் மாறலாம், கடை மாற முடியாது

ஜாசின் பெக்கானில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையை மூடப்போகிறார்கள். முதலாளிக்கு முட்டி வலி, பிள்ளைகள் யாரும் தொழிலுக்கு வரவில்லை. அங்கே வேலை செய்யும் தம்பி புதுக்கோட்டைப் பக்கம். மெர்லிமாவில் ஒரு கடைக்காரர் அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். “அண்ணே, பெர்மிட்ல முதலாளி பேர மட்டும் மாத்திக்கலாம்ல?” என்று கேட்டான். முடியாது தம்பி என்று சொல்ல வேண்டியிருந்தது.

தற்காலிக வேலை பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. கடை மூடினால் அவன் ஊர் திரும்ப வேண்டும். புது முதலாளி கோட்டா வாங்கி, லெவி கட்டி, மீண்டும் அங்கிருந்தே வரவழைக்க வேண்டும். முடிதிருத்தகம், ஜவுளி, நகைத் தொழில் மூன்றுக்கும் 2009 முதல் ஆள் எடுக்கத் தடை இருந்து, 2023இல்தான் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் கோட்டாவில் மெர்லிமாவ் கடைக்கு இடம் உண்டா என்று யாரால் சொல்ல முடியும்? பெர்மிட் இல்லாமல் சும்மா போய் நின்றால் அவனும் சிக்குவான், கடைக்காரரும் சிக்குவார். அதிகச் சம்பளத்தில் வரும் பொறியாளருக்கு இந்தக் கதி இல்லை. பழைய நிறுவனம் பாஸை முடித்துவிட்டால் புது நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

நம் தாத்தா காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். தோட்ட முதலாளி டான் சே யான் 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பிறகு நம் புக்கிட் ஆசாஹானுக்கு வந்தார். அப்படி எழுந்த ரப்பர் தோட்டங்களுக்கு அப்போது ஒப்பந்தக் கூலியாக வந்தவன் தோட்டத்தை விட்டு ஓடினால் குற்றவாளி. 1910இல் அந்த முறையை ஒழித்தார்கள். அதற்குப் பிறகு கங்காணி கூட்டி வந்த ஆளும் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகச் சட்டம் இடம் கொடுத்தது. கடன் தடுத்திருக்கும், கங்காணியின் கோபம் தடுத்திருக்கும், ஆனாலும் உரிமை என்று ஒன்று இருந்தது. பாத்திரமும் பாயும் தலையில் ஏற்றி லயம் மாறிய கதைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை சொல்லியிருக்கிறார்கள்! நூறு ஆண்டு கழித்து அதே கடல் கடந்து வந்த பிள்ளைக்கு அந்த ஒரு மாத நோட்டீஸ்கூட இல்லை.

பெர்மிட்டின் கொடுமையை நாம் அறியாதவர்களும் அல்ல. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதில் வேலை இழந்து நின்ற காலத்திலேயே 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாமல் போனது. 1969 மே கலவரத்துக்குப் பின் பிடி இன்னும் இறுகியது. ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாடு திரும்பியதாகச் சொல்வார்கள். இங்கேயே பிறந்து பால்மரம் வெட்டியவர்களும் அதில் உண்டு. அவர்களை இந்தியாவுக்கு ரஜுலா கப்பலில் ஏற்றிவிட்டு வந்த குடும்பங்கள் இன்னமும் நம் தோட்டங்களில் இருக்கின்றன.

முதலாளிகளின் பயம் எனக்குப் புரிகிறது. சேவைத் துறையில் ஆளுக்கு ஆண்டு லெவியே 1,850 வெள்ளி. 2018 முதல் அதை முதலாளியே கட்ட வேண்டும். செலவு செய்து கொண்டுவந்த ஆளை அடுத்த கடைக்காரர் கொத்திக்கொண்டு போனால் வயிறு எரியத்தான் செய்யும். மிச்சக் காலத்து லெவியைப் புது முதலாளி பழையவருக்குக் கொடுக்கட்டும் என்று விதி செய்தால் தீராதா? கொரோனா காலத்தில், 2020இல், வேலை போனவர்கள் வேறு முதலாளியிடம் சேர அரசாங்கமே வழிவிட்டது. அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது? கடை மூடினால், முதலாளி இறந்தால், சம்பளம் வராமல் போனால், அதே தொழிலில் வேறு இடம் தேட மூன்று மாதம் கொடுங்கள் என்று நம் மக்கள் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

அதுவரை கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடை மூடும் முடிவைக் கடைசி வாரம் வரை மறைக்காதீர்கள், பாக்கிச் சம்பளத்தைக் கணக்குத் தீர்த்துக் கொடுங்கள். மேசை டிராயரில் பூட்டி வைத்திருக்கும் கடப்பிதழை இன்றே அந்தப் பையன் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.