குஷ்ட ரோகிக்கு வேண்டுவது எது?

குஷ்ட ரோகத்திற்கு மருந்து உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 1981-ம் வருஷத்தில் சிபார்சு செய்த கூட்டு மருந்து, அவிநாசி வட்டாரத்துச் சுகாதார நிலையங்களிலும் இனாமாகவே கொடுக்கப்படுகிறது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ தவறாது உட்கொண்டால் ரோகம் தீரும்.

இதனோடு 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்னும் சத்து மாத்திரைகளும் வேண்டுமென்கிறார்கள் சிலர். வெறும் வியாபாரப் பேச்சென்று இதை நாம் தள்ளிவிடவில்லை. கூட்டு மருந்திலுள்ள டாப்ஸோன் சிவப்பு ரத்த அணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கக் கூடியது. செங்கற்பட்டு மத்திய ஆராய்ச்சி நிலையத்தார் பங்குகொண்ட ஆராய்ச்சியொன்று 2005-ல் வெளியாயிற்று. கூட்டு மருந்தோடு வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுத்ததில், பிராணவாயுவின் உக்கிரத்தால் தேகத்திற்கு நேரும் சேதம் குறைந்ததாக அது கூறிற்று. நல்ல செய்தியே. ஆயினும், ரத்தப் பரிசோதனையில் ஓர் எண் இறங்குவது வேறு, மரத்துப்போன விரலில் உணர்ச்சி திரும்புவது வேறு.

காசு கொடுத்து வாங்கியதே உயர்ந்தது, சர்க்கார் இனாமாய்த் தருவது மட்டம் என்னும் மயக்கம் நம்மவரை விட்டபாடில்லை. சத்து மாத்திரையை நம்பிக் கூட்டு மருந்தை நடுவில் நிறுத்தும் பனியன் தொழிலாளிக்கு நரம்பு கெட்டால் கை போயிற்று. கை போனவனுக்குத் தையல் இயந்திரத்தில் என்ன வேலை?

முருங்கைக்கீரையும் நெல்லிக்கனியும் கொங்கு நாட்டில் அரியவையல்ல. முட்டையும் பருப்புமே கூலிக்காரனுக்கு எட்டாதவை. க்ஷயரோகிக்குப் போஷாக்கிற்கென மாதம் 1,000 ரூபாய் அளிக்க 2024-ல் சர்க்கார் முன்வந்தது. குஷ்ட ரோகிக்கோ, ஊனமான பின்பே உதவித்தொகை! அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, சிகிச்சை நடக்கும் மாதங்களிலேயே ஆகாரமாகக் கொடுக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம்.