காலுக்குச் செருப்பா, பெடலுக்குச் சப்பாத்தா?

முள்ளிவாய்க்காலுக்குச் சைக்கிளில போறதெண்டால் ‘கிளிப்’ பூட்டுற சப்பாத்து கட்டாயம் வேணுமாம். இப்பிடியொரு பட்டியல் பெடியளின்ர போனுகளில சுத்துது. நாங்கள் அதை ஏற்கேல்லை.

அந்தச் சப்பாத்து எங்கயிருந்து வந்தது? 1984இல் லுக் நிறுவனம் காலைப் பெடலோடு பூட்டும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் பெர்னார்ட் ஈனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் வென்றார். பந்தயக்காரருக்கு அது சரி. அவர் இறங்கி நடக்கத் தேவையில்லை. எங்களுக்கு அப்படியில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நூறு கிலோமீற்றருக்கு மேல் மிதித்த பிறகு, நினைவேந்தல் முற்றத்து மணலிலும் நந்திக்கடல் கரையிலும் நடைதான். அடியில் கட்டை துருத்துகிற சப்பாத்தோடு மணலில் இறங்கினால், திரும்பி வந்து மிதிக்கேக்க பூட்டும் ஒழுங்கா விழாது. 1990இல் சிமானோ கொண்டுவந்த, கட்டை உள்ளடங்கிய வகை நடக்க உதவும் என்பது உண்மை. ஆனால் அதுக்குப் பெடலையும் மாத்தவேணும். ஒரு பயணத்துக்கு ரெண்டு செலவு எதுக்கு?

அப்ப பாட்டாவோட போகலாமோ? அதுவும் வேண்டாம். பின்னால பிடி இல்லாததால விரல் இறுக்கிப் பிடிச்சே களைச்சுப்போகும். மழையெண்டால் வழுக்கும். அடி மெல்லிசு, பெடல் உள்ளங்காலில குத்தும்.

எங்கட தெரிவு பின்பட்டியுள்ள சாண்டில்ஸ், இல்லாட்டி தட்டை அடியுள்ள கன்வஸ் சப்பாத்து. வாங்கமுன் கையால வளைச்சுப் பாருங்கோ. விரல் மடியிற இடத்தில வளைஞ்சால் போதும். ரெண்டாய் மடிஞ்சால் வையுங்கோ. புதுசைப் பயணத்தண்டு முதல்தரம் போடாதேங்கோ. நாடாவை உள்ளே செருகுங்கோ, சங்கிலியில சிக்கும். விளக்கேத்தேக்க கழட்டவும் பட்டிதான் சுகம்.

தொண்ணூறுகளின் எரிபொருள் தடைக்குள் வடக்கு ஓடியது சைக்கிளில்தான். 1995 ஒக்டோபர் 30 வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, மூட்டை கட்டின சைக்கிளை உருட்டிக்கொண்டு சனம் நடந்தது. 2009 மே மாதம் வட்டுவாகலால் வெளியேறினவையில எத்தினை பேருக்குக் காலில செருப்பிருந்தது? அதனால வெறுங்காலோட போங்கோ எண்டு நாங்கள் சொல்லேல்லை. அது ஆரும் விரும்பி நடந்த நடையில்லை. செருப்பைத் தெரிவுசெய்யிற வசதி இண்டைக்கு எங்களுக்கு இருக்கு. அந்த வசதியை ஆளை வடிக்கிற சல்லடையாக்காதேங்கோ. சப்பாத்து இல்லையெண்டு ஒரு பிள்ளை வீட்டில நிண்டால், பிழை அந்தப் பட்டியலில.