பல்லைப் பிடுங்கிய பிறகு...

பல் டாக்டரிடம் போவதென்றால் முதல் நாளே வயிற்றில் புளியைக் கரைக்கிறதா? நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம் அவ்வளவு பயங்கரமல்ல, சகோதரிகளே! 1844-ல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹோரேஸ் வெல்ஸ், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை முகர்ந்துகொண்டு தம் பல்லையே பிடுங்கச் சொன்னார். 1943-ல் ஸ்வீடனில் லிடோகேய்ன் தயாரானது. இன்று ஈறில் போடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது அதுதான். ஊசி சுருக்கென்று குத்தும். பிறகு அழுத்துவது தெரியுமே தவிர வலி தெரியாது. அப்படியும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். (பிடுங்கும்போது எப்படிக் கடிப்பதாம்!) இடது கையைத் தூக்கினால் நிறுத்தவேண்டும் என்று முன்னதாகவே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். "நன்றாகக் கொப்புளித்துத் துப்பு, கெட்ட ரத்தம் போகட்டும்" என்பார் மாமியார். அன்போடுதான் சொல்கிறார். ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடிபோல் நிற்கிறது. அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் காப்பது அந்த உறைவுதான். காறித் துப்பினாலும், குழல் வைத்து இளநீர் உறிஞ்சினாலும் அது பெயர்ந்துவிடலாம். அப்புறம் மூன்றாம் நாள் காதுவரை தெறிக்கும் வலி! ஆகவே, டாக்டர் வைத்த பஞ்சை 30, 40 நிமிஷம் அழுத்திக் கடித்திருங்கள். அன்று முழுவதும் கொப்புளிக்க வேண்டாம். எச்சிலை விழுங்குங்கள், அருவருப்பாயிருந்தால் குனிந்து தானாக வழியவிடுங்கள்.

சுடச்சுடக் காப்பி அன்று கூடாது. நீங்கள் பெருமூச்சு விடுவது காதில் விழுகிறது. ஆற வைத்துக் குடியுங்களேன்! தயிர்சாதத்தைக் குழைத்து மறுபக்கமாகச் சாப்பிடலாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளியே 10 நிமிஷம் வைத்து எடுத்தால் வீக்கம் மட்டுப்படும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்து மெல்லக் கவிழ்த்துவிடலாம். வலிக்கு ஆஸ்பிரினைத் தேடாதீர்கள், ரத்தக் கசிவு நீடிக்கும். ஆனால் இருதயத்துக்காக அதைத் தினம் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குழந்தைகளின் மரத்த உதடு தெளிய இரண்டு மூன்று மணி நேரமாகும். அதற்குள் விளையாட்டாகக் கடித்துக் குதறிவிடும். அதுவரை முறுக்கும் கையுமாக விடாதீர்கள்.

பஞ்சை மாற்றி அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, ஜுரம் வந்தாலோ, மூன்றாம் நாள் வலி அதிகமானாலோ உடனே டாக்டரிடம் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி அடங்கும். கிராம்புத் தைலத்தை நீங்களே ஊற்றிவிடாதீர்கள், ஈறு வெந்துவிடும்.